பதினான்காம் எண் ஏணியில் யாரும் விழவில்லை

இருபத்திரண்டு வருடமாக அந்தக் கடையில் ஏணி வாடகைக்கு எடுத்த ஒருவர்கூடக் கீழே விழுந்ததில்லை. ஏணிக்காரர் இதைத் தன் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தார். ஏறுகருவி ஒழுங்காற்று ஆணையம் இதை ஒரு குறைபாடாகக் கருதுகிறது என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

கடை தெருமுனையில் இருந்தது. முகப்பு ஒடுக்கம், உள்ளே நீளம். சுவரோரமாகப் பதினாறு ஏணிகள் சாய்ந்து நிற்கும். யார் வந்து கேட்டாலும் அவர் உடனே ஏணியைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார். எவ்வளவு உயரம், தரை மண்ணா கல்லா, ஏறப்போவது யார், அவருக்குத் தலைசுற்றல் உண்டா, என்ன செருப்பு போடுவார் என்று வரிசையாகக் கேட்பார். "நான் ஏணி கேட்டு வந்தேனா, பொண்ணு கேட்டு வந்தேனா?" என்று ஒருவர் கத்திவிட்டுப் போயிருக்கிறார். போனவர் அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார். கேள்வி எல்லாம் முடிந்தபின் வேலைக்கு ஏற்ற ஏணியை எடுத்து, ஒவ்வொரு படியையும் விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். சத்தம் மாறினால் அந்த ஏணி கடையை விட்டு வெளியே போகாது.

அன்று காலை ஒரு ஏணியில் சத்தம் மாறியிருந்தது. கீழிருந்து ஐந்தாவது படி. முடி அகலத்துக்கு ஒரு விரிசல், படியின் அடிப்பக்கம், பார்வைக்குத் தெரியாத இடத்தில். சாயங்காலம் அறுத்து அடுப்புக்குப் போட்டுவிடலாம் என்று அதைப் பின்வாசல் பக்கம் படுக்க வைத்துவிட்டு ரம்பத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது ஆணையத்தின் ஆய்வு அதிகாரி உள்ளே வந்தார்.

மெலிந்த ஆள். சட்டைப் பையில் நான்கு நிறத்தில் பேனா. அக்குளில் ஒரு தகர டப்பா. நடந்தால் உள்ளே இருந்த எண் வில்லைகள் கலகலவென்று சத்தம் போட்டன. ஒரே வாரத்தில் தெருவே அவரைக் குலுக்கல் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை.

"வாழ்த்துகள்," என்றார் குலுக்கல். "உங்க கடை ஆய்வுக்குத் தேர்வாகியிருக்கு."

"நான் விண்ணப்பமே போடலையே?"

"அதுதான் விசேஷம். யாருமே போடல."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து விளக்கினார். "இதுவரைக்கும் ஆணையம் என்ன செஞ்சுது? நாலு பேர் உக்காந்து டீ குடிச்சு ஒரு விதி போடுவோம். அது வேலை செய்யுதா, இல்லையான்னு போட்ட எங்களுக்கே தெரியாது. இனிமே அப்படி இல்லீங்க. முதல்ல சின்னதா ஒரு சோதனை. பலன் இருந்தாத்தான் விதி."

ஏணிக்காரருக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. உள்ளதைச் சொன்னால், அந்த ஆணையம் முளைத்ததிலிருந்து அதன் வாயிலிருந்து அவர் கேட்ட முதல் புத்தியுள்ள பேச்சு அது. போன வருடம் எல்லா ஏணிக்கும் பச்சை வண்ணம் அடிக்கச் சொன்னார்கள். அடித்தார். மூன்று மாதம் கழித்துப் பச்சை வழுக்குகிறது என்று சுரண்டச் சொன்னார்கள். சுரண்டினார். முதலில் ஒரே ஒரு ஏணிக்கு அடித்துப் பார்த்திருந்தால் அவருடைய பத்து நகமும் பிழைத்திருக்கும்.

"என்ன சோதனைங்க?" என்றார்.

குலுக்கல் இரண்டு சிவப்பு ஒட்டிகளை எடுத்துக் காட்டினார். ஒன்றில் 'கவனமாக ஏறவும்' என்று அச்சடித்திருந்தது. மற்றதில் ஒன்றுமில்லை.

"பாதி ஏணிக்கு எழுத்து இருக்கிற ஒட்டி. பாதிக்கு வெறும் சிவப்பு."

"வெறும் தாள் எதுக்குங்க?"

"ஆளுங்க எழுத்தால விழாம இருக்காங்களா, தாளால விழாம இருக்காங்களான்னு தெரியணும்ல?"

குலுக்கல் ஒரு படிவத்தை விரித்தார். "கடந்த மூணு வருஷத்துல உங்க ஏணியில இருந்து விழுந்தவங்க எத்தனை பேர்?"

"யாரும் இல்லீங்க."

பேனா நின்றது. "யாருமே இல்லியா?"

"இருபத்திரண்டு வருஷமா இல்லீங்க."

குலுக்கல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வீட்டில் துக்கம் நடந்த ஆளிடம் பேசுவது போலக் குரலைத் தாழ்த்தினார். "யாருமே விழலேன்னா நாங்க எதைக் குறைக்கிறது? உங்க கடையால எங்களுக்கு என்ன தெரிய வரும்? சொல்லுங்க."

ஏணிக்காரர், தன்னையறியாமல், மன்னிப்புக் கேட்டார்.

காரணத்தை ஆணையமே கண்டுபிடித்தது. கடைக்காரர் வாய் ஓயாமல் யோசனை சொல்கிறார். ஆளுக்கேற்ற ஏணியைத் தன் இஷ்டத்துக்குத் தேர்ந்து கொடுக்கிறார். இரண்டும் ஆய்வைக் கெடுக்கும். ஆகவே அன்று முதல் எந்த வாடிக்கையாளருக்கு எந்த ஏணி என்பதைத் தகர டப்பா முடிவு செய்யும். கடைக்காரர் வாடிக்கையாளரிடம் சொல்ல அனுமதிக்கப்பட்ட வாக்கியம் ஒன்றே ஒன்று: "இது உங்கள் ஏணி." மூன்று மாதம். மீறினால் லைசென்ஸ் ரத்து.

பிறகு குலுக்கல் மையும் தூரிகையுமாக ஏணிகளுக்கு எண் போட்டுக்கொண்டே வந்தார். பதின்மூன்று போட்டார். குனிந்து, பின்வாசலோரம் படுத்திருந்த ஏணிக்குப் பதினான்கு போட்டார். அதற்கு விழுந்தது வெறும் சிவப்பு.

"சார், சார்! அது விரிசல் விட்டது. சாயங்காலம் அறுக்கப்போறேன்."

"எண் போட்டாச்சே."

"அழிச்சிடலாம் சார்."

"அழியாத மை." குலுக்கல் மூடியைத் திருகினார். "எண் போட்ட ஏணிய மூணு மாசத்துக்குப் பழுது பார்க்கக் கூடாது, ஒதுக்கக் கூடாது, எரிக்கக் கூடாது. இன்னைக்கு என்ன நிலைமையில இருக்கோ அதே நிலைமையில இருக்கணும். நிலைமை மாறிச்சுன்னா, ஒட்டியால மாறுச்சா நிலைமையால மாறுச்சான்னு நாளைக்கு ஆணையம் யாரைப் போய்க் கேக்கும்?"

மத்தியானம் சாப்பாட்டின்போது அவர் இதை வீட்டில் சொன்னார். மனைவி இன்னொரு கரண்டிச் சோறு போட்டாள். பதில் சொன்னது மனைவியின் தங்கை. அவள் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கும் பெயிண்டர்; வாழ்க்கையில் பாதி நேரம் அவருடைய ஏணிகளின் மேல்தான் நின்றிருக்கிறாள். காது மடலில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும்.

"அந்த ஏணியில எவனாவது ஏறுவான். அஞ்சாவது படி விட்டுடும். அவன் மண்டை போகும். அப்ப நீங்க, 'இது உங்கள் ஏணி'ன்னு சொல்லிக்கிட்டு நிப்பீங்களா, அத்தான்?"

"வேற என்னம்மா பண்ணச் சொல்ற? லைசென்ஸ் போச்சுன்னா கடை போச்சு. லைசென்ஸ் இருந்தா எவன் மண்டையாவது போச்சு."

"இருபத்திரண்டு வருஷமா யாரும் விழலன்னு பெருமை அடிச்சீங்கல்ல? அனுபவிங்க."

முதலில் அவர் ஆணி அடித்தார். ஐந்தாவது படிக்கு அடியில், தலை தெரியாமல், மரத்தின் நிறத்திலேயே மெழுகு பூசி. வெள்ளிக்கிழமை புகைப்படம் எடுக்க வந்த குலுக்கல் குனிந்து பார்த்தார், பையிலிருந்து ஒரு குறடை எடுத்தார், ஆணியைப் பிடுங்கி உறையில் போட்டு ஒட்டினார்.

"குறடு கையோடயே வெச்சிருக்கீங்களா சார்?"

"ஏழு கடையில ஆணி பிடுங்கியிருக்கேன். நீங்கல்லாம் ஒரே மாதிரி."

அடுத்து அவர் கண்ணால் பேசிப் பார்த்தார். பதினான்காம் எண் வில்லை வந்த ஒருவரிடம், "இது உங்கள் ஏணி," என்று சொல்லிக்கொண்டே விழியை ஐந்தாவது படிக்கு உருட்டி உருட்டிக் காட்டினார். அந்த ஆள் ஆணையம் மாறுவேடத்தில் அனுப்பிய வாடிக்கையாளர்; ஏணியை எடுக்காமலேயே போய்விட்டார். 'கடைக்காரர் கண்ணால் யோசனை சொன்னார், நான்கு முறை' என்று அறிக்கை போயிற்று. மறுநாள் ஆணைய முத்திரையோடு ஒரு கறுப்புக் கண்ணாடி வந்தது. கடை நேரத்தில் கழற்றக் கூடாது. இருட்டான கடைக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தகர டப்பாவைக் குலுக்கி, ஒரே வாக்கியம் பேசும் மனிதனைப் பார்க்கத் தெரு ஆட்கள் ஏணி தேவையில்லாமலேயே வந்து போனார்கள்.

ஒருநாள் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் பல்பு மாற்ற ஏணி கேட்டு வந்தார். எழுபது வயது. டப்பா பதினான்கைத் துப்பியது.

ஏணிக்காரர் விதிகளை மனதுக்குள் புரட்டினார். விதிப் புத்தகம் முப்பத்திரண்டு பக்கம். அத்தனையும் அவருக்கு மனப்பாடம். பழுது பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, கண் காட்டக் கூடாது, மாற்றக் கூடாது. ஆனால் கடைக்காரர் கூடவே போகக் கூடாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. கடைக்காரர் ஏறக் கூடாது என்றும் இல்லை. ஏணி வைத்திருப்பவன் ஏறுவான் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை.

"இது உங்கள் ஏணி," என்று டீச்சரிடம் சொன்னார். பிறகு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தார். டீச்சர் வீட்டில் ஏணிக்காரரே ஒரு வார்த்தை பேசாமல் ஏறினார். நான்காவது படியிலிருந்து ஆறாவது படிக்குக் காலை எட்டி வைத்தார். பல்பை மாட்டினார். இறங்கினார்.

"கறுப்புக் கண்ணாடி எதுக்குப்பா? கண்வலியா?" என்று டீச்சர் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. சொல்ல அனுமதியில்லை.

அன்றிலிருந்து பதினான்காம் எண் ஏணி எங்கே போனாலும் கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் ஆள் கூடவே போனார். ஓட்டடை அடித்தார். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். மாடியில் மாட்டிக்கொண்ட பூனையை இறக்கினார். பூனை அவர் கழுத்தில் ஏழு கோடு போட்டது. ஒரு வீட்டில் சண்டை போட்டுப் பரணில் ஏறி உட்கார்ந்துகொண்ட கணவனிடம், மனைவி கொடுத்தனுப்பிய டிபன் டப்பாவை நான்கு நாள் சேர்த்தார். விளம்பரப் பலகை மாட்டினார். சில இடங்களில் வேலை முடிந்ததும், "இந்தக் கடையில ஏணியோட ஆளும் சும்மா வராங்க," என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். அதனால் பதினான்காம் எண் வில்லை கிடைத்தால் பரிசு விழுந்த மாதிரி ஆட்கள் சிரித்தார்கள்.

இடையில் அவர் கடையில் இரண்டு பேர் விழுந்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறை. இரண்டுமே எழுத்துள்ள ஏணிகள். மூன்றாம் எண்ணில் ஏறியவர் ஒட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து படித்தபோது விழுந்தார். ஒன்பதாம் எண்ணில் ஏறியவர் குட்டை ஏணி கேட்டு வந்தவர். டப்பா நெட்டை ஏணியைக் கொடுத்தது. இரண்டு பேருக்கும் சுளுக்குதான். ஏணிக்காரர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. குலுக்கல் மட்டும் அந்த வாரம் முழுக்க முகமலர்ச்சியோடு இருந்தார். "பார்த்தீங்களா? முயற்சி பண்ணா உங்க கடையிலயும் வருது."

மூன்று மாதம் முடிந்தது. முடிவை வெளியிட ஆணையத்தின் பெரிய அறையில் கூட்டம். நகரத்தின் இருபத்துநான்கு ஏணிக் கடைக்காரர்களும் வந்திருந்தார்கள். மேடையில், மாலை போட்டு, பதினான்காம் எண் ஏணி சாய்ந்து நின்றது.

தலைவர் எழுந்தார். குண்டான, அமைதியான மனிதர். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து பழகியவர்.

"நண்பர்களே, முன்பெல்லாம் நாங்கள் யோசித்து விதி போட்டோம். யோசிப்பதில் தவறு வருகிறது என்று கண்டோம். எனவே யோசிப்பதை நிறுத்திவிட்டோம். இப்போது எண்கள் சொல்கின்றன, நாங்கள் எழுதிக்கொள்கிறோம். எங்கள் மீது பழி சொல்ல இனி யாராலும் முடியாது. ஒட்டி பயன் தருமா என்று தேடினோம். தரவில்லை. ஆனால் தேடியதைவிடப் பெரிய ஒன்று கிடைத்தது. நகரம் முழுவதிலும் மிக அதிகமாக, நாற்பத்தொரு முறை வெளியே போன ஏணி இது. விழுந்தவர்கள்? பூஜ்ஜியம். இந்த ஏணிக்கும் மற்றவற்றுக்கும் என்ன வித்தியாசம்? எங்கள் நிபுணர்கள் அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். ஒரே ஒரு வித்தியாசம்தான். ஐந்தாவது படியில் ஒரு விரிசல்."

கடைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"விரிசல் ஏன் காக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது எங்கள் வேலையும் அல்ல. வருகிற முதல் தேதியிலிருந்து எல்லா ஏணியிலும் ஐந்தாவது படியில் விரிசல் கட்டாயம். பொறுப்புணர்வு வளர வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு கடைக்காரரும் தன் இரு கையாலேயே அறுக்க வேண்டும். ஆழத்தை அளக்க ஆணையம் கருவி தரும்."

ஏணிக்காரர் எழுந்துவிட்டார். கால் தானாக எழுந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, அந்த ஏணியில வாடிக்கையாளர் யாரும் ஏறவே இல்லீங்க. நாற்பத்தொரு தடவையும் நான்தான் ஏறினேன். அஞ்சாவது படியில கால் வைக்காம எட்டி ஏறினேன். அதான் யாரும் விழல."

தலைவர் கோபப்படவில்லை. பரிவோடு பார்த்தார். "உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம். ஆனால் நீங்கள் சொல்வது ஓர் ஆளின் கூற்று. எங்களிடம் நாற்பத்தொன்று இருக்கிறது. நாற்பத்தொன்றை ஒன்றுக்காக விடச் சொல்கிறீர்களா?"

"நாற்பத்தொண்ணும் நான்தாங்க!"

"அப்படியானால் நீங்கள் நாற்பத்தொரு முறை விழவில்லை. நன்றி. எங்கள் முடிவு இன்னும் வலுப்படுகிறது."

ஏணிக்காரருக்கு அப்போது மைத்துனியின் முகம் நினைவுக்கு வந்தது. முதல் தேதியிலிருந்து அவள் எந்தக் கடைக்குப் போனாலும் விரிசல் ஏணிதான் கிடைக்கும். அவளோடு வேலை செய்யும் மூன்று பெண்களுக்கும் அதுதான். ஊரில் பல்பு மாற்றுகிற எல்லோருக்கும் அதுதான். மூன்று மாதம் யாரும் விழாமல் காத்ததன் பலன் இது. ஒரே ஒரு ஆள் அந்த ஏணியிலிருந்து விழுந்திருந்தால் இத்தனை பேர் தப்பித்திருப்பார்கள்.

அவர் மேடைக்குப் போய், ஏணியின் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது படியில் இரண்டு காலையும் வைத்து நின்றார்.

படி தாங்கியது.

அறை கைதட்டியது. தலைவர் புன்னகையோடு கையை விரித்தார். ஏணிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு குதித்தார். படி முனகியது, தாங்கியது. மறுபடி குதித்தார். மூன்றாவது குதிப்பில் படி படாரென்று இரண்டாகப் பிளந்தது. அவர் இடது கை மேல் மொத்தமாக வந்து விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

குலுக்கல் ஓடி வந்து பக்கத்தில் மண்டியிட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எழுதிக்குங்க சார்," என்றார் ஏணிக்காரர், வலியில் வியர்த்துக்கொண்டு. "விழுந்துட்டேன். பதினாலாம் நம்பர்ல இருந்து. எழுதிக்குங்க."

"ஆய்வுக் காலம் நேத்து சாயங்காலம் அஞ்சு மணியோட முடிஞ்சுடுச்சே," என்றார் குலுக்கல். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "நேத்து விழுந்திருக்கக் கூடாதா?"

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள், பத்து வாரத்துக்கு. பிளந்த படியை ஆணையம் பசை போட்டு ஒட்டி, விரிசலை மட்டும் பழையபடி விட்டு, ஏணியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது. அதைப் பழுது பார்க்க முடியும் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

முதல் தேதி வந்தது. கடைகளில் ரம்பச் சத்தம் கேட்டது. ஏணிக்காரர் கடையில் கேட்கவில்லை. இரு கையாலும் அறுக்க வேண்டும் என்பது விதி; அவருக்கு ஒரு கைதான் வேலை செய்தது. படிவத்தில் 'உடல் இயலாமை, கை முறிவு' என்ற கட்டத்தில் குலுக்கலே டிக் அடித்துவிட்டுப் போனார். ஆகவே நகரத்தில் முழுப் படிகளோடு ஏணி இருந்த ஒரே கடை அவருடையதுதான்.

ஒரு மாதத்தில் மற்ற இருபத்துமூன்று கடைகளின் ஏணிகளிலிருந்து பத்தொன்பது பேர் விழுந்தார்கள். கணுக்கால், முதுகெலும்பு, ஒரு தபால்காரரின் முன்பல். ஏணிக்காரர் கடையில் பழையபடி பூஜ்ஜியம்.

ஆணையம் அயரவில்லை. அதன் பெருமையே அதுதான். எங்கே வித்தியாசம் தெரிந்தாலும் போய் அளக்கும். குலுக்கல் டேப்போடு வந்தார். கடையின் நீளம், ஜன்னல் எண்ணிக்கை, ஏணிக்காரரின் செருப்பு அளவு, எதிரே இருந்த தையல் கடையின் சத்தம் என்று எல்லாவற்றையும் எழுதினார்.

"சார், என் ஏணியில விரிசல் இல்ல. அத எழுதிக்கிட்டீங்களா?"

"அது விதிவிலக்குங்க. விதிவிலக்கக் காரணமா எடுத்துக்கக் கூடாது. அப்புறம் விதிக்கு என்ன மரியாதை?" சொல்லிக்கொண்டே வந்தவரின் பார்வை ஏணிக்காரரின் இடது கையில் நின்றது. வெள்ளைக் கட்டை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, மெதுவாக, சிவப்புப் பேனாவை எடுத்தார்.

பத்து நாளில் மற்ற எல்லாக் கடைக்காரர்களுக்கும் கடிதம் போயிற்று. கடைக்காரரின் இடது கை முறிவுக்கும் வாடிக்கையாளர் பாதுகாப்புக்கும் உறுதியான தொடர்பு தென்படுகிறது. வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக் கூடத்துக்கு வரவும். குலுக்கல் முறையில் பாதிப்பேருக்குக் கை முறிக்கப்படும். மீதிப்பேருக்கு முறிக்காமல் கட்டு மட்டும் போடப்படும். வலி மாத்திரை ஆணையத்தின் செலவு.

சனிக்கிழமை மத்தியானம் இருபத்துமூன்று பேரும் அவர் கடை வாசலில் வந்து நின்றார்கள். இருபத்திரண்டு வருடமாக அவரோடு போட்டி போட்டு, அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் இரும்பேணிக்காரர் முன்னால் நின்றார்.

"அண்ணே," என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வருவது அதுவே முதல் தடவை. "வலிக்குமா?"

"விழும்போது வலிக்காது. அப்புறம்தான்."

"எல்லாம் உங்களால வந்த வினை," என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். "பேசாம முதல் வாரமே எவனையாவது விழ விட்டிருந்தா..."

"விட்டிருக்கலாம்," என்றார் ஏணிக்காரர். "மனசு வரலியே."

அவர் மைத்துனி உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஏணி எடுக்க வந்தவள். வாசலில் அவளுடைய தள்ளுவண்டி; அதில் ஒரு வீட்டின் மேற்கூரைப் பூச்சுக்காக வாங்கிய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மூட்டைகள். கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"ஏற்கெனவே கை முறிஞ்சவனுக்கு என்ன பண்றதுன்னு இதுல போடலியே?"

"முறிஞ்சதை எப்படிம்மா முறிக்க முடியும்?" என்றார் இரும்பேணிக்காரர்.

"முறிஞ்சவன் ரம்பமும் பிடிக்க வேண்டாம். அத்தானுக்கு எழுதிக் குடுத்தாங்கல்ல?"

"ஆமா."

அவள் டீயை ஒரே மடக்கில் முடித்துவிட்டு எழுந்தாள். "ஆஸ்பத்திரியில கட்டுப் போடற மாவும் நான் கூரையில பூசற மாவும் ஒண்ணுதான். ஆளுக்கு ஒரு முழத் துணி கொண்டாங்க. சட்டைக் கையை மடிச்சு விடுங்க. வரிசையா நில்லுங்க, தள்ளக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை நகரத்தில் இருபத்துமூன்று ஏணிக் கடைக்காரர்களுக்கும் இடது கை முறிந்தது. திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக் கூடத்தில் குலுக்கலின் மேசைக்கு முன்னால் வரிசையாக நின்று காரணம் சொன்னார்கள். ஒருவர் குளியலறையில் வழுக்கினார். ஒருவர் கனவில் விழுந்தார். ஒருவர், "வீட்டுல தள்ளிவிட்டா சார், மேல கேக்காதீங்க," என்றார். இரும்பேணிக்காரர் தும்மியதாகச் சொன்னார்.

"தும்மினா கை முறியுமா?"

"பலமா தும்மினேன்."

கை முறிப்பதற்காக அழைக்கப்பட்டிருந்த டாக்டர் காலையிலிருந்தே வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். அவர் முதல் ஆளின் கட்டைத் தட்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். லேசாக டர்பெண்டைன் வாசனை. அடுத்த ஆளின் கட்டில் கரண்டித் தடம் ஒன்று நேர்த்தியாக ஓடியது. டாக்டருக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது.

"அருமையான கட்டு," என்றார். "இதுக்கு மேல நான் ஒண்ணும் செய்றதுக்கு இல்ல." கோப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரும் கூப்பிடுவதற்குள் படியிறங்கிப் போய்விட்டார்.

குலுக்கல் தகர டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இருபத்துமூன்று கட்டுகளையும் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு இருபத்துமூன்று படிவத்தில் 'உடல் இயலாமை' கட்டத்தில் டிக் அடித்தார். கட்டம் இருந்தது, கட்டத்துக்கு ஆள் இருந்தார்கள். அவர் வேலை அவ்வளவுதான்.

அந்த வாரமே அறுபட்ட ஏணிகள் அடுப்புக்குப் போயின. கட்டுப் போட்டவர்கள் முழுப்படி ஏணிகளை வாங்கிச் சுவரில் சாய்த்தார்கள். அடுத்த மூன்று மாதம் நகரத்தில் ஒருவரும் விழவில்லை. தலைவர் மறுபடியும் மேடை ஏறினார். எண்கள் பேசிவிட்டன என்றார். இருபத்துநான்கு கட்டு, பூஜ்ஜியம் விபத்து. உலகத்தில் வேறெந்த ஆணையமும் இவ்வளவு சுத்தமான முடிவைக் கண்டதில்லை என்றார். லைசென்ஸ் புதுப்பிக்க வருபவர்கள் இனி கட்டோடு வர வேண்டும் என்று விதி வந்தது.

ஏணிக்காரரின் உண்மையான கட்டை டாக்டர் பத்தாவது வாரமே வெட்டி எடுத்துவிட்டிருந்தார். உள்ளே கை வெளுத்து, மெலிந்து, வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் அதைச் சொறிந்து சொறிந்து சுகம் கண்டது ஒரே ஒரு மத்தியானம். அன்றே மூன்று மணிக்குக் குலுக்கல் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

கடைக்குள் மைத்துனி வாளியில் மாவைக் குழைத்து, அவர் கையைத் தன் முழங்காலில் வைத்துத் துணியைச் சுற்றிப் பூசினாள். வாசலில் ஒரு வாடிக்கையாளர் காத்திருந்தார். ஏணிக்காரர் வலது கையால் ஒரு ஏணியின் படிகளைத் தட்டிக் கேட்டுக்கொண்டே அவரிடம் தரை மண்ணா கல்லா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"ஆடாதீங்க அத்தான். காயணும்."

"நல்லா இருக்கிற கையில எத்தனை வருஷத்துக்கும்மா இதைப் போட்டுக்கிட்டு அலையறது?"

அவள் கரண்டியை வழித்து, சற்றுத் தள்ளி நின்று, சுவரைப் பார்ப்பது போல அவர் கையைப் பார்த்தாள்.

"இப்பதான் முதல் கோட்டு," என்றாள்.